தேர் வீதியில் பாடம் கற்ற தாடிக்காரர்: ஒரு பாதை நம்மை நடக்க வைப்பது எப்படி?

லால்குடியில் சப்தரிஷீஸ்வரர் கோயிலைச் சுற்றி வரும் வீதிகளுக்கு யாரும் ‘வாக்கிங் டிராக்’ என்று போர்டு வைக்கவில்லை. ஸ்ரீரங்கத்தில் சித்திரை வீதிக்கும் அப்படி ஒரு போர்டு கிடையாது. ஆனாலும் விடிகாலையில் அங்கே நடப்பவர்களைப் பார்க்கலாம். பக்கத்திலேயே கம்பி வேலி போட்டு, சிமென்ட் கல் பதித்து, உடற்பயிற்சிக் கருவி எல்லாம் வைத்துத் திறந்த பூங்கா இருக்கும். அதில் நாலு பேர்கூட இருக்க மாட்டார்கள். பல ஊர்களில் இதே கதைதான். ஏன் இப்படி?

சோம்பல், செல்போன், சுகர் வந்தால்தான் நடப்போம் என்ற மனநிலை என்று நம்மையே குறை சொல்லிக்கொள்வது சுலபம். ஆனால் தப்பு பெரும்பாலும் காலில் இல்லை, பாதையில் இருக்கிறது. இதை நூறு வருஷத்துக்கு முன்பே பிடித்துக்கொண்டவர் ஒரு ஸ்காட்லாந்துக்காரர். தமிழ்நாட்டுக் கோயில் வீதிகளில் நடந்து பார்த்தவர். பெயர் பேட்ரிக் கெடிஸ். நகரத் திட்டமிடல் படித்தவர்களுக்குப் பெரிய பெயர். மற்றவர்களுக்கு அவ்வளவாகத் தெரியாத பெயர்.

யார் இந்த கெடிஸ்?

1854 அக்டோபர் 2 அன்று ஸ்காட்லாந்தின் பாலட்டர் என்ற ஊரில் பிறந்தவர். வளர்ந்தது பெர்த் நகரத்தின் ஓரத்தில். வீட்டுக்குப் பின்னால் தோட்டம், அதைத் தாண்டினால் கின்னூல் மலை. அப்பாவோடு அந்த மலையில் ஏறி இறங்கித்தான் செடி கொடிகளைப் படித்தார். பிறகு லண்டன் போய், டார்வினுக்காக வாதாடிப் புகழ்பெற்ற தாமஸ் ஹக்ஸ்லியிடம் உயிரியல் படித்தார்.

அவர் நகரங்கள் பக்கம் திரும்பியதற்கு ஒரு விபரீதமும் காரணம். 1879-ல் உயிரின மாதிரிகள் சேகரிக்க மெக்சிகோ போன இடத்தில் கண் பார்வை போய்விட்டது. வாரக்கணக்கில் இருட்டறையில், கண்ணைக் கட்டிக்கொண்டு கிடந்தார். கைக்கு எட்டிய ஜன்னலின் சட்டங்களைத் தடவித் தடவி, கட்டம் கட்டமாக யோசிக்கப் பழகினார். சாகும்வரை கட்டங்கள் போட்டே யோசிக்கிற பழக்கம் அங்கே வந்ததுதான். பார்வை திரும்பி வந்தது. ஆனால் மணிக்கணக்கில் மைக்ராஸ்கோப்பில் கண் வைத்து உட்காரும் வேலை இனி முடியாது. உயிரணுவைப் பார்க்க வேண்டிய மனிதர் தெருவைப் பார்க்க ஆரம்பித்தார்.

1886-ல் ஆனா மார்ட்டன் என்ற பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டு, எடின்பரோவின் பழைய நகரத்தில், நெரிசலும் நாற்றமும் நிறைந்த குடியிருப்பு ஒன்றில் குடியேறினார். வசதியான பக்கத்தில் வீடு பார்க்க முடியாதவர்கள் இல்லை இவர்கள். வேண்டுமென்றே போனார்கள். சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பது, ஜன்னல் ஓரத்தில் பூந்தொட்டி வைப்பது, குப்பைமேட்டை அள்ளுவது என்று அக்கம்பக்கத்தாரையும் சேர்த்துக்கொண்டு இறங்கினார்கள். பின்னாளில் அவருடைய குழு அந்தப் பழைய நகரத்தில் சும்மா கிடந்த துண்டு நிலங்களைக் கணக்கெடுத்தது. எழுபதுக்கும் மேல் இருந்தன. எல்லாம் சேர்த்தால் சுமார் 10 ஏக்கர். அதில் சிலவற்றைக் குட்டித் தோட்டங்களாக மாற்றினார்கள். தோட்டங்களை வடிவமைத்தது மகள் நோரா. பத்து ஏக்கரில் ஒரே பெரிய பூங்கா போட்டிருந்தால் பாதிப் பேருக்கு அது தூரமாகியிருக்கும். சின்னச் சின்னதாகப் பிரித்தால் வாசலைத் தாண்டினாலே தோட்டம். நம் ஊர் நிர்வாகங்கள் இந்த ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்தாலே போதும் என்று தோன்றும்.

இதற்கிடையில் டன்டீ கல்லூரியில் தாவரவியல் பேராசிரியர் வேலை, 1888 முதல். வருஷத்துக்குக் கோடைப் பருவம் மூன்று மாதம் மட்டும் பாடம் எடுத்தால் போதும் என்ற ஏற்பாடு. மீதி ஒன்பது மாதம் ஊர் ஊராக நடக்கலாம்!

உள்ளே விடாத பூங்கா

கெடிஸின் முதல் பெரிய பூங்கா வேலை டன்ஃபெர்ம்லின் என்ற ஸ்காட்லாந்து ஊரில் வந்தது. அதன் பின்னணியே ஒரு சினிமா மாதிரி. பிட்டென்கிரிஃப் என்ற அழகான எஸ்டேட் அந்த ஊரில் இருந்தது, தனியார் நிலம். அதற்குள் இருக்கும் பழைய சின்னங்களைப் பார்க்கும் உரிமைக்காக ஊர்க்காரர்கள் சிலர் எஸ்டேட் உரிமையாளரோடு மோதினார்கள். அவர்களில் ஒரு நெசவாளிக் குடும்பத்தின் உறவினர்களும் இருந்தார்கள். அந்தக் குடும்பத்துக்கு எஸ்டேட்டில் தடை விழுந்தது. அந்த வீட்டுப் பையன் வேலிக்கு வெளியே நின்று பார்த்து வளர்ந்தான். அமெரிக்கா போய் இரும்பில் கோடீஸ்வரனானான். அவர்தான் ஆண்ட்ரூ கார்னகி. 1902-ல் அந்த எஸ்டேட்டையே விலைக்கு வாங்கி, அடுத்த வருஷம் ஊருக்கே எழுதிக் கொடுத்துவிட்டார்.

இந்த நிலத்தைப் பூங்காவாக்க யோசனை சொல்லுங்கள் என்று கெடிஸையும், தாமஸ் மாசன் என்ற தோட்டக்கலை நிபுணரையும் அறக்கட்டளை கேட்டது. கெடிஸ் நேராக வரைபடம் போட உட்காரவில்லை. நடந்தார். ஓடைக்கரை, பழைய மரங்கள், ஊரின் கடைத்தெருவிலிருந்து பூங்காவுக்குள் நுழையும் வழி, எல்லாவற்றையும் போட்டோ எடுக்க வைத்தார். ஒவ்வொரு இடமும் இப்போது எப்படி இருக்கிறது, பிறகு எப்படி இருக்கும் என்று அந்தப் போட்டோக்களின் மேலேயே வரைந்து காட்டினார். இன்றைக்கு கம்ப்யூட்டரில் செய்யும் ‘பிஃபோர், ஆஃப்டர்’ வேலை, 1903-ல்.

அவர் பார்வையில் பூங்கா என்பது ஊருக்கு வெளியே உள்ள பச்சைத் தீவு இல்லை. ஊரின் தெருவே நீண்டு உள்ளே போக வேண்டும். நுழைவாயில் ஜனங்கள் வரும் திசையில் இருக்க வேண்டும். நாறிக்கிடந்த ஓடையைச் சுத்தம் செய்து அதை ஒட்டி நடக்கவிட வேண்டும். போகிற வழியில் அருங்காட்சியகம், தோட்டம், திறந்தவெளி அரங்கம் என்று ஏதாவது வந்துகொண்டே இருக்க வேண்டும். அப்போதுதான் நடப்பவர் இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று போவார்.

அறக்கட்டளை என்ன செய்தது? இரண்டு பேர் திட்டத்தையும் ஓரங்கட்டிவிட்டது. செலவு அதிகம், ஆசையும் அதிகம். கெடிஸ் மனம் தளராமல் 1904-ல் அதைப் புத்தகமாகப் போட்டார். கட்டப்படாத அந்தப் பூங்காவைத்தான் இன்றும் நகரத் திட்டமிடல் மாணவர்கள் படிக்கிறார்கள்.

எம்டன் மூழ்கடித்த கண்காட்சி

நகரங்கள் எப்படி வளர்ந்தன என்பதைப் படங்களாலும் வரைபடங்களாலும் காட்டும் பெரிய கண்காட்சி ஒன்றைக் கெடிஸ் பல வருஷமாகச் சேர்த்து வைத்திருந்தார். சென்னை மாகாண ஆளுநர் பென்ட்லண்ட் பிரபு அதை இங்கே கொண்டுவரச் சொல்லி அழைத்தார். 1914-ல் கெடிஸ் ஒரு கப்பலில் கிளம்பினார். கண்காட்சிப் பெட்டிகள் ‘கிளான் கிராண்ட்’ என்ற இன்னொரு கப்பலில்.

அந்த நேரத்தில்தான் முதல் உலகப் போர். செப்டம்பர் 22 இரவு சென்னையின் மீது குண்டு வீசிவிட்டுப் போன ஜெர்மன் கப்பல் எம்டன், அடுத்த மாதம் இந்தியப் பெருங்கடலில் கிளான் கிராண்டையும் மூழ்கடித்தது. ஆள் சரியான எம்டன் என்று நாம் இன்றும் சொல்கிறோமே, அதே எம்டன்தான். கெடிஸின் பல வருஷ உழைப்பு கடலுக்கு அடியில் போனது. தகவல் போனதும் பிரிட்டனில் இருந்த நண்பர்கள் அவசரம் அவசரமாகப் புதிய தொகுப்பு ஒன்றைச் சேர்த்து அனுப்பினார்கள். 1915 ஜனவரியில் சென்னைப் பல்கலைக்கழக செனட் ஹவுஸில் கண்காட்சி நடந்தே விட்டது. அறுபது வயது மனிதருக்கு இது அசாத்தியமான பிடிவாதம்.

தஞ்சாவூரில் கத்தி எடுத்தவர், வெட்டாமல் விட்டவர்

சென்னை மாகாணத்தின் ஊர்களைச் சுற்றிப் பார்த்து அறிக்கை தரும் வேலையும் அவருக்குக் கிடைத்தது. அதில் முக்கியமானது தஞ்சாவூர். லால்குடிக்காரர்களுக்குக் கொள்ளிடத்தையும் காவிரியையும் தாண்டினால் பக்கத்து ஊர் மாதிரிதான்.

அந்தக் கால நகராட்சிப் பொறியாளர்களுக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றே ஒன்று. நெரிசலான தெருவா? வீடுகளை இடி, அகலமாக நேர்கோட்டில் ரோடு போடு. தஞ்சாவூர்க் கோட்டைப் பகுதிக்கும் அப்படி ஒரு திட்டம் இருந்தது. கெடிஸ் அந்தச் சந்துகளில் இறங்கி நடந்தார். எந்த வீடு உண்மையிலேயே இடிந்து விழுகிறது, எந்த மூலையில் ஒரு மரம் நிழல் தருகிறது, எந்தச் சந்து எங்கே முட்டிக்கொண்டு நிற்கிறது என்று ஒவ்வொன்றாகக் குறித்தார். பிறகு அவர் சொன்ன வழி: பாழடைந்த சில வீடுகளை மட்டும் எடுங்கள். அந்த இடத்தைச் சின்ன முற்றமாக, மரம் நட்ட சதுக்கமாக விடுங்கள். சந்துகளை ஒன்றோடொன்று இணையுங்கள். மற்றதைத் தொடாதீர்கள். உடம்பைக் காப்பாற்றும் அளவுக்கு மட்டும் கத்தி வைக்கும் அறுவை சிகிச்சை என்று அதற்குப் பெயர் வைத்தார். அகல ரோடு திட்டத்தைவிடச் செலவு மிகக் குறைவு. வீடிழப்பவர்கள் எண்ணிக்கையும் குறைவு.

நிழலைப் பற்றி அவருக்கு இருந்த தெளிவு இன்றைய ஒப்பந்தப்புள்ளிகளில்கூட இல்லை. குடியிருப்புப் பகுதியில் அகலமான ரோடு என்பது வெயிலும் தூசியும்தான். குறுகலான, மரம் உள்ள தெருதான் இந்த ஊர் வெயிலுக்குச் சரி. குளங்களைக் கொசுவுக்குப் பயந்து மூடுவதையும் அவர் எதிர்த்தார். குளம் ஊரைக் குளிர வைக்கிறது, கொசுவுக்கு மீனும் வாத்தும் விடுங்கள் என்பது அவர் யோசனை. பெருவளை வாய்க்காலும் அய்யன் வாய்க்காலும் பாயும் லால்குடிப் பக்கத்துக்கு இது இன்றைக்கும் பேச வேண்டிய விஷயம். தண்ணீர் ஓரமும் மரநிழலும் சேர்ந்தால் அதைவிட நல்ல நடைபாதை வேறு இல்லை.

கோயில் நகரங்கள் அவரை ரொம்பவே கவர்ந்தன. 1919-ல் ‘மாடர்ன் ரிவ்யூ’ இதழில் அவற்றைப் பற்றியே ஒரு கட்டுரை எழுதினார். ஏன் கவர்ந்தன என்பதை ஸ்ரீரங்கத்தை வைத்துப் பார்த்தால் நமக்கே புரியும். ஏழு பிராகாரம், 156 ஏக்கர். வெளிப்பக்கம் உத்திர வீதி, சித்திரை வீதி, அடையவளஞ்சான் என்று ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று சுற்று. எங்கே நடக்க ஆரம்பித்தாலும் அதே இடத்துக்குத் திரும்பி வருவீர்கள். வந்த வழியே திரும்ப வேண்டிய அலுப்பு கிடையாது. கொஞ்சம் நடக்க நினைத்தால் உள் சுற்று, நிறைய நடக்க நினைத்தால் வெளிச் சுற்று. ஒவ்வொரு பக்கமும் கோபுரம், அதாவது அடுத்த இலக்கு, கண்ணில் படுகிறது. தேர் திரும்புவதற்காக விட்ட அகலம், மற்ற நாளில் நடப்பவர்களுக்கு. பூக்கடை, காபிக் கடை, திண்ணை. உட்காரவும் பேசவும் ஆள் உண்டு. மதுரையில் இதே சுற்றுகள் ஆடி, சித்திரை, ஆவணி மூலம், மாசி என்று மாதங்களின் பெயரில் இருக்கின்றன. காலண்டரே நடக்கும் பாதை!

இது வெறும் பெருமைப் பேச்சு இல்லை. அமெரிக்காவில் 25 நகரங்களின் 174 பூங்காக்களைக் கவனித்த ஆய்வு ஒன்று 2010-களில் வெளியானது. சுற்றி வரும் நடைபாதை உள்ள பூங்காக்களில், இல்லாதவற்றைவிட 80 சதவீதம் அதிகமான பேர் இருந்தார்கள். நம் பாட்டிமார்கள் பிரதட்சிணம் என்று சொன்னதை அவர்கள் எண்ணிக் காட்டினார்கள், அவ்வளவுதான்.

ஆனால் யார் நடக்கலாம்?

இங்கே கெடிஸின் கண்ணில் சரியாகப் படாத ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அவர் மெச்சிய அதே காலத்தில் கோயிலைச் சுற்றிய வீதிகள் எல்லாருக்கும் திறந்தவை அல்ல. கேரளத்தின் வைக்கத்தில் கோயிலைச் சுற்றிய சாலைகளில் நடக்கவே ஒடுக்கப்பட்ட மக்களுக்குத் தடை. அதை எதிர்த்து 1924-ல் சத்தியாகிரகம் தொடங்கியது. பெரியார் அங்கே போய்ச் சிறை சென்றார். அடுத்த வருஷம்தான் மூன்று பக்கச் சாலைகள் எல்லாருக்கும் திறந்தன. கோயிலுக்குள் போவதற்கான போராட்டம்கூட இல்லை அது. தெருவில் நடப்பதற்கானது. கெடிஸ் இந்தியாவை விட்டுக் கிளம்பியதும் அதே 1924-ல்தான்.

கார்னகியின் வேலியும் வைக்கத்தின் தடையும் ஒரே அளவு அநியாயம் என்று சொல்ல வரவில்லை. இரண்டும் சேர்ந்து ஒன்றைக் காட்டுகின்றன: பாதையின் வளைவு, கல், மரம் எல்லாம் அப்புறம். முதல் வடிவமைப்பு, வாசலில் யாரை நிறுத்துகிறோம் என்பதுதான். இன்றைக்கு அது வேறு ரூபத்தில் இருக்கிறது. காலை ஒன்பது மணிக்குப் பூட்டப்படும் கேட், ராத்திரி விளக்கு எரியாத மூலை, கழிப்பறை இல்லாத பூங்கா. வீட்டு வேலை முடித்து பத்து மணிக்கு நேரம் கிடைக்கும் பெண்ணுக்கு அந்தப் பூங்கா இல்லாத பூங்காதான். சக்கர நாற்காலியில் வருபவருக்கு பைக் நுழையாமலிருக்க வைத்த இரும்புக் குழாயே சுவர். நடைபாதையில் தடையில்லாமல் குறைந்தது 1.8 மீட்டர் அகலம் வேண்டும் என்று இந்தியச் சாலைக் காங்கிரஸின் நெறிமுறை இருக்கிறது. எதிரெதிரே இரண்டு சக்கர நாற்காலிகள் போகும் அளவு. நம்ம ஊரில் அந்த 1.8 மீட்டரில் டிரான்ஸ்ஃபார்மர் பாதி, விளம்பரப் பலகை பாதி.

ஒருநாள் ராஜாவின் ஊர்வலம்

தெருவில் நடப்பவர்களைப் பற்றி கெடிஸ் அக்கறையே இல்லாமல் இருந்தார் என்றும் சொல்லிவிட முடியாது. 1917-18-ல் இந்தூர் சமஸ்தானத்தில் அவர் செய்த வேலை வேடிக்கையானது. ஊரில் பிளேக். குறிப்பெடுத்துக்கொண்டு திரியும் வெள்ளைக்காரரைப் பார்த்தாலே ஜனங்களுக்குப் பயம், வீட்டை இடிக்க வந்தவர் என்று. கெடிஸ் மகாராஜாவிடம் ஒருநாள் அதிகாரத்தைக் கேட்டு வாங்கினார். தீபாவளிக்குப் பெரிய ஊர்வலம் வரும், ஆனால் அது வழக்கமான வழியில் போகாது. எந்தத் தெருவில் அதிக வீடுகள் சுத்தமாக்கப்பட்டிருக்கின்றனவோ அந்தத் தெரு வழியாகத்தான் போகும் என்று அறிவித்தார்.

அவ்வளவுதான், ஊரே துடைப்பத்தை எடுத்தது. ஊர்வலத்தில் யானை, குதிரை, பிளேக்கைப் பரப்பும் எலியின் பிரம்மாண்டமான பொம்மை, அழுக்கு அரக்கன், பின்னால் லட்சுமி. நகரத்தின் துப்புரவுத் தொழிலாளர்கள் புது உடையில் அந்த ஊர்வலத்தில் நடந்தார்கள். கடைசியில் எலியும் அரக்கனும் எரிக்கப்பட்டார்கள். நம் ஊர்த் தேர் எந்த வீதியில் வருமோ அந்த வீதிக்கு மட்டும் குழி மூடப்படும் என்பது நமக்குத் தெரிந்த விஷயம்தான். கெடிஸ் அதையே திருப்பிப் போட்டார்.

அந்த 1917 அவருக்கு மோசமான வருஷமும்கூட. ஏப்ரலில் மூத்த மகன் அலஸ்டேர் பிரான்ஸ் போர்முனையில் இறந்தார். தந்தி வந்தபோது மனைவி ஆனா இந்தியாவில் காய்ச்சலில் படுத்திருந்தார். மகன் இறந்ததை அவரிடம் சொல்லாமல் மறைத்து, மகனின் பழைய கடிதங்களைப் படித்துக் காட்டிக்கொண்டிருந்தார் கெடிஸ். ஜூன் மாதம், எதுவும் தெரியாமலேயே ஆனா இறந்தார். அதன் பிறகும் அவர் வேலையை நிறுத்தவில்லை. நின்றால் விழுந்துவிடுவோம் என்று நினைத்திருக்கலாம்.

1919-ல் பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் பேராசிரியர். 1920-ல் விஞ்ஞானி ஜகதீஷ் சந்திர போஸின் வாழ்க்கை வரலாற்றை எழுதினார். 1925-ல் டெல் அவிவ் நகரத்துக்கு அவர் போட்ட திட்டத்தில் வண்டிகளுக்குப் பெரிய ரோடு வெளியே, உள்ளே நடப்பதற்குச் சின்னத் தெருக்கள், அவற்றின் நடுவில் ஒரு தோட்டம். இந்தத் திட்டம் பெரிய அளவில் கட்டவும்பட்டது. அவருக்கு அபூர்வமாகக் கிடைத்த பாக்கியம். அந்த நகரத்தின் மையப்பகுதி 2003-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது.

நம் ஊர்களுக்கு அவர் எழுதிய அறிக்கைகளோ பெரும்பாலும் அலமாரியில் தூங்கின. அதற்கு அவர் பேரிலும் தப்பு இருக்கிறது. பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார், எழுதினால் தலைப்பை விட்டுப் பத்துப் பக்கம் போய்விடுவார், பட்ஜெட் என்ற சொல் அவர் அகராதியில் கடைசிப் பக்கத்தில் இருந்தது. பொறியாளர்களை அறிக்கையிலேயே திட்டுவார். பிறகு அதே பொறியாளர்தான் அதை நிறைவேற்ற வேண்டும்! வேலை நடக்குமா?

1924-ல் உடல்நலம் கெட்டு பிரான்ஸின் மோன்பெலியேவுக்குப் போனார். அங்கே கல்லும் புதருமாக இருந்த ஒரு குன்றை வாங்கி, மாணவர்கள் தங்கிப் படிக்கும் கல்லூரியும் தோட்டமும் கட்டினார். 1932-ல் சர் பட்டம் வந்தது. அதே வருஷம் ஏப்ரல் 17 அன்று அங்கேயே இறந்தார்.

பதினைந்து வருஷம் கழித்து, 1947-ல், ஜாக்குலின் டிர்விட் என்ற நகரத் திட்டமிடல் நிபுணர் கெடிஸின் இந்திய அறிக்கைகளிலிருந்து முக்கியமானவற்றைத் தொகுத்து லண்டனில் ஒரு சின்னப் புத்தகமாக வெளியிட்டார். அதில் தஞ்சாவூர்க் கோட்டைப் பகுதியின் வரைபடங்கள் உண்டு. பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்: ஒன்றில் பொறியாளர்கள் நேர்கோட்டில் வெட்டிய ரோடு, இன்னொன்றில் பழைய சந்துகள் அப்படியே, நடு நடுவே சில இடங்களில் மட்டும் வீடு இருந்த கட்டத்துக்குப் பதிலாக ஒரு சின்னத் திறந்தவெளி.